என் வீட்டுக்காரரைக் கொன்ற அட்டை

காலை எட்டு மணி இருக்கும். வாசலில் குழாயடியில் நின்று, முகமெல்லாம் சோப்பு நுரையோடு என் வீட்டுக்காரர் சேவியர் சவரம் செய்துகொண்டிருந்தார். உள்ளே அடுப்பில் தக்காளி வதங்கிக்கொண்டிருந்தது. தெருமுனையிலிருந்து யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே வரும் சத்தம் கேட்டது.

யார் வீட்டில் என்ன ஆனதோ என்று கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தேன். வந்தது என் நாத்தனார் லூர்துமேரி, சேவியரின் அக்கா. வடமதுரையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. ஒரு கையில் மஞ்சள் பை. இன்னொரு கையில் வாழையிலையில் சுற்றிய ரோஜா மாலை.

வந்தவர் குழாயடியில் நின்ற ஆளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா ராணி, எப்படி மனசு வந்துச்சு, எல்லாத்தையும் முடிச்சுட்டீங்களா" என்று என் தோளில் சாய்ந்து அழுதார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சேவியர் ரேசரோடு உள்ளே வந்து, "என்னக்கா, யாருக்கு என்ன?" என்றார்.

அவர் குரலைக் கேட்டு லூர்து மதினி திரும்பிய திருப்பத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மாலை கீழே விழுந்தது. தம்பியின் முகத்தில் இருந்த நுரையைத் தன் உள்ளங்கையால் வழித்துப் பார்த்தார். பிறகு அவர் முதுகிலும் தோளிலும் மாறி மாறி அடித்தார். அடித்துக்கொண்டே அழுதார். அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் குடித்து மூச்சு வந்ததும் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். அவருடைய எதிர்வீட்டு மருமகள் சென்னையில் ஒரு கடையில் பார்த்ததை ராத்திரி படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். உடனே மதினி தம்பிக்குப் போன் அடித்துப் பார்த்திருக்கிறார், அது அணைந்து கிடந்திருக்கிறது. படத்தில் நான். கையில் நான் கட்டிய பட்டன் மரம். கீழே எழுதியிருந்ததை மூன்று பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் படித்தோம். அடுப்பில் தக்காளி தீய்ந்த வாசம் வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் செத்துப்போய்விட்டதாக எழுதியிருந்தது.

இந்தத் தொடரைச் சிரித்துக்கொண்டே படித்ததாகப் பலர் சொன்னீர்கள். இந்த வாரம் எனக்கு அப்படி எழுத வராது. நாலைந்து வருஷம் ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை.

ஊறுகாய் பாட்டில் நிறைய

என் தொழிலைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி. தையல் கடைகளில் தைத்து முடித்த சட்டைகளை வீட்டுக்கு வாங்கி வந்து காஜா எடுத்துக் கொடுப்பேன். பட்டன் நுழையும் ஓட்டையைச் சுற்றி நூலால் கட்டுவதுதான் காஜா. கூடவே பட்டன் வைப்பது, பழைய துணியைப் பிரித்துச் சின்னதாக்குவது.

பழைய கோட்டு, கவுன் கொண்டுவருகிறவர்கள் இருக்கிற பட்டனைக் கழற்றிவிட்டுப் புதிது வைக்கச் சொல்வார்கள். கழற்றியதை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. எனக்கு எறிய மனசு வராது. சிப்பியில் செய்தது, கண்ணாடியில் செய்தது, மாட்டுக்கொம்பில் செய்தது, ஒரு சர்ச் சாமியாரின் பழைய அங்கியிலிருந்து வந்த கறுப்புத் துணிப் பட்டன் என்று ஊறுகாய் பாட்டில்களில் போட்டு வைத்திருந்தேன்.

சிப்பிப் பட்டனைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். பிளாஸ்டிக் அப்படி இருக்காது. பல்லில் தட்டினால் கண்ணாடிக்கு ஒரு சத்தம், கொம்புக்கு ஒரு சத்தம். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வருஷக்கணக்காகக் கை போட்டால் தானாகத் தெரிந்துவிடும்.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம். காஜா வேலை நெருக்கித் தள்ளுகிற மாசம். நடுவில் சும்மா விரலுக்கு ஓய்வாக இருக்கட்டுமே என்று சணல் நூலை இரட்டையாக மடித்து, மேலே தொங்கவிட ஒரு வளையம் விட்டு முடிச்சுப் போட்டேன். அதில் ஒரு சின்னப் பட்டன். அடுத்தது கொஞ்சம் பெரிசு. அதற்கும் அடுத்தது இன்னும் பெரிசு. கடைசியில் அடிமரத்துக்கு ஒரே அளவில் நாலு பழுப்புப் பட்டன். தூக்கிப் பிடித்தால் விரல் நீளத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம்.

சேவியர் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கும் தாடிக்கொம்புக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மரத்தை வாங்கி வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டார். மறுநாளே, ஏறினவர்கள் எல்லாம் கேட்கிறார்கள் என்று வந்து சொன்னார்.

பக்கத்து வீட்டு ஜரீனா வந்து பார்த்தாள். நர்சரிப் பள்ளியில் டீச்சர். அவளுடைய வீட்டுக்காரர் டவுனில் கோட்டு தைக்கும் கடை வைத்திருந்தவர். ஒரு நாள் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது அவர் போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. ஜரீனா மரத்தை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாள். சாயங்காலம் ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள்.

உள்ளே அட்டை அட்டையாகப் பச்சைக் கண்ணாடிப் பட்டன். அவருடைய அத்தா, அதாவது ஜரீனாவின் மாமனார், காலத்துச் சரக்கு. கடையைக் காலி செய்தபோது மெஷினை எல்லாம் கொடுத்துவிட்டு, இதை மட்டும் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்திருக்கிறாள். பெட்டியை அன்றைக்குத்தான் திறந்தாளாம்.

"இதுல கட்டுனா மரம் பச்சையா இருக்கும்லக்கா" என்றாள். அவ்வளவுதான். பிறகு எனக்கு மட்டும் என்று சில விஷயங்கள் சொன்னாள். அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதாததற்குக் காரணம் கீழே வரும்.

அதிலிருந்து ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினோம். நான் மரம், நட்சத்திரம். அவள் சம்மனசு, அதாவது தேவதூதர். சிப்பிப் பட்டன் தலை, பிரித்துவிட்ட சணல் பாவாடை. அவள் விரலுக்கு இருக்கிற ஒழுங்கு எனக்கு வராது.

வண்டியில் ஏறிய அம்மா

தாடிக்கொம்புப் பெருமாளைப் பார்க்க வந்த ஒரு அம்மா சேவியரின் வண்டியில் ஏறினார். பெரிய ஊரிலிருந்து வந்தவர், படித்தவர், பருத்திச் சேலை, தோளில் கேமரா. பெண்கள் கையால் செய்யும் பொருட்களை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு அமைப்பை நடத்துகிறவர். அமைப்பின் பெயர் வேண்டாம். கண்ணாடியில் ஆடிய மரத்தைப் பார்த்துவிட்டு, இதை யார் செய்தது என்று கேட்டிருக்கிறார். என் சம்சாரம் என்று இவர் சொல்லியிருக்கிறார். திரும்பி வரும்போது சவாரியை விட்டுவிட்டு, வண்டியைத் திருப்பி, நேராக எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். போகும்போது ரயிலடியில் கொண்டுபோய் விட்டார். வாடகை வாங்கவில்லை.

கவனித்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவைக் கூட்டி வந்தது யார், கலர் உடைத்துக் கொடுத்தது யார், பையைத் தூக்கி ரயிலில் வைத்தது யார்?

அன்றைக்கு அவர் ரொம்ப நேரம் பேசினார். கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். ஜரீனா போட்டோ வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டாள். நான் நின்றேன். ஒருதரம் சிரித்தேன். சிரிக்க வேண்டாம், கொஞ்சம் கீழே பாருங்கள் என்றார். பார்த்தேன். போட்டோ எடுக்கிறவர்களுக்கு அதெல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் பெட்டி பெட்டியாகக் கட்டி அனுப்பினோம். குறை சொல்லக் கூடாது, பேசியதை ஒழுங்காகக் கொடுத்தார்கள். அதனால்தான் ஒன்றும் தெரியாமல் இருந்தோம்.

எழுதியிருந்தது

லூர்து மதினி போனில் இருந்ததை அப்படியே சொல்கிறேன். ஒவ்வொரு மரத்தின் கழுத்திலும் ஒரு சின்ன அட்டை கட்டி விற்றிருக்கிறார்கள். ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் தமிழ்.

செல்வராணி சாலை விபத்தில் கணவரைப் பறிகொடுத்தவள். ஆதரவற்றவள். இறந்துபோன கணவரின் பழைய சட்டைகளிலிருந்து வெட்டியெடுத்த பட்டன்களைக் கண்ணீரோடு கோத்து இந்த மரத்தைச் செய்தாள்.

சாலை விபத்தாம். வண்டி ஓட்டிப் பிழைக்கிற மனுஷனுக்கு அதைவிட ஒரு சாபம் உண்டா? மதினி அன்றைக்கு முழுக்க அவரை வண்டி எடுக்க விடவில்லை.

எனக்கு வயிறு எரிந்ததில் தொழில் எரிச்சலும் சேர்ந்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். சட்டைப் பட்டனில் மரம் கட்டவே முடியாது. ஒரு சட்டையில் இருக்கிற பட்டன் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. மரத்துக்கு ஏழெட்டு அளவு வேண்டும். கோட்டுப் பட்டன் வேண்டும், கழுத்துப் பட்டன் வேண்டும். ஒரு பச்சைக்குப் பக்கத்தில் இன்னொரு பச்சை ஒத்துப்போகிறதா என்று வெயிலில் வைத்துப் பார்த்துப் பொறுக்கியது எங்கள் கண். அதற்குப் பெயர் கண்ணீரா? எங்கள் கைவேலையை ஒரு வரிகூடச் சொல்லாமல் அழுகையை விற்றிருக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். நான் எவ்வளவு கத்தினாலும் அவர் குரல் உயரவே இல்லை. அது உங்களைப் பற்றி எழுதினது இல்லை, கிராமத்துப் பெண்கள் எல்லாருடைய கஷ்டத்தையும் சேர்த்து எழுதின ஒரு பொதுவான ஸ்டோரி, வாங்குகிறவர்களுக்கு மனசில் ஒரு தொடர்பு வேண்டும், ஸ்டோரி இருந்தால்தான் பொருள் போகும் என்றார்.

"பொதுவான கதைக்கு என் மூஞ்சி எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

கூட்டத்தில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

ஜரீனா கேட்டது

சாயங்காலம் ஜரீனா பள்ளியிலிருந்து வந்ததும் அவளிடம் கொட்டினேன். பொட்டில்லாமல், பூவில்லாமல் என்னை நிறுத்திவிட்டார்கள், புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே தாலி அறுத்தவளாக்கிவிட்டார்கள், இதைவிடக் கேவலம் ஒரு பொம்பளைக்கு வேறு என்ன இருக்கிறது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வாங்கி இங்கிலீஷில் இருந்ததை ரெண்டு முறை படித்தாள். அப்புறம் கேட்டாள்.

"ராணிக்கா, உனக்குக் கோவம் அவங்க பொய் எழுதுனதுக்கா, இல்ல விதவைன்னு எழுதுனதுக்கா?"

நான் அவளிடமிருந்து போனைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

"நாலு வருஷமா நான் அப்படித்தான இருக்கேன். உங்க வீட்டுல வந்து சோறு திங்கிறேன். நான் கேவலமாவா இருக்கேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அதோடு விடவில்லை. இறந்துபோன புருஷன், அவர் விட்டுப்போன பட்டன், அதைக் கோத்து மரம் கட்டுகிற பொம்பளை. "இது உன் கதை இல்லக்கா. இது என்னோடது. நான் உன்கிட்ட மட்டுந்தான சொன்னேன். அந்தம்மாவுக்கு யாரு சொன்னது?"

நான்தான் சொன்னேன். கலர் குடித்துக்கொண்டே அந்த அம்மா கேட்டபோது, பெட்டி எப்படி வந்தது, ஜரீனா அதைத் திறக்காமல் ரெண்டு வருஷம் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள் என்பதோடு, அவள் எனக்கு மட்டும் என்று சொன்னதையும் சேர்த்துப் பெருமையாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரியின் துக்கத்தைச் சொல்லி நான் நல்ல பேர் வாங்கப் பார்த்திருக்கிறேன். ஜரீனா போட்டோவுக்கு நிற்காததால், அவள் கதையை எடுத்து என் படத்துக்குக் கீழே ஒட்டிவிட்டார்கள்.

ஒத்துக்கொண்டேன். அவள் எழுந்து போய்விட்டாள். மூன்று நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. என் வாழ்க்கையில் நீளமான மூன்று நாள் அது.

நாலாம் நாள் வந்து, "நீ செஞ்சது தப்பு. ஆனா அவங்க செஞ்சது களவு. வா, போவோம்" என்றாள்.

மண்டபத்தில்

அந்த அமைப்பு திண்டுக்கல்லில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி போட்டிருந்தது. சேவியர் வண்டியில்தான் போனோம். உள்ளே ஏசி, வெட்டிவேர் வாசம். ஒரு மேஜை முழுக்க எங்கள் மரங்களும் சம்மனசுகளும். ஒவ்வொன்றின் கழுத்திலும் அந்த அட்டை. பின்னால் ஆள் உயரத்துக்குக் கீழே பார்க்கிற நான்.

நூல் வெட்டுகிற கத்தரி எப்போதும் என் கைப்பையில் இருக்கும். எடுத்து, முதல் மரத்தின் அட்டையை வெட்டினேன். ரெண்டாவது. மூன்றாவது. ஜரீனா அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். அவளிடம் கத்தரி இல்லை, பல்லால் கடித்து அறுத்தாள்.

அந்த அம்மா ஓடி வந்தார். பார்க்கிறவர்கள் பார்க்கிறார்கள், உள்ளே போய்ப் பேசுவோம் என்று என் கையைப் பிடித்தார். அப்போது சேவியர் முன்னால் வந்தார். காக்கிச் சட்டை, நெஞ்சுக்குக் கீழே ஒரு பட்டன் இல்லை. எனக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் வெட்கம். அவர் சத்தம் போடத் தெரியாத மனுஷன்.

"அம்மா, தாடிக்கொம்புல இருந்து உங்களக் கூட்டிட்டு வந்தேனே, நான்தான். நல்லா இருக்கீங்களா?"

சுற்றி நின்றவர்கள் அட்டையைப் படித்தார்கள். அவரைப் பார்த்தார்கள். மறுபடி அட்டையைப் படித்தார்கள். ஒரு பெண் வாங்கி வைத்திருந்த மரத்தைச் சத்தமில்லாமல் மேஜையில் திருப்பி வைத்தாள்.

அப்போதும் அந்த அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. வேண்டுமானால் விதவை என்பதை எடுத்துவிட்டு, வறுமையில் வாடும் பெண் என்று மாற்றிவிடலாம் என்றார். வாடுகிறேன் என்று நான் யாரிடம் சொன்னேன்? கை வேலையும் வண்டியுமாக ரெண்டு பேரும் உழைத்துச் சாப்பிடுகிறோம்.

எங்கள் அமைப்பு நல்லதுதான் செய்கிறது, நீங்கள் புரிந்துகொள்ளவில்லை, ஜனங்கள் எவ்வளவு உருகுகிறார்கள் பாருங்கள் என்று பைலிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். கனடாவிலிருந்து வந்தது. எனக்கு எழுதியது. என் பெயருக்கு வந்த கடிதம் எத்தனையோ மாசமாக அவருடைய பைலில் இருந்திருக்கிறது.

வாங்கிக்கொண்டேன். மிச்சமிருந்தவற்றுக்கு எங்களுக்கு இன்னும் காசு வந்திருக்கவில்லை, மரம், சம்மனசு எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். அதற்குப் பிறகு அவர்களுக்கு நாங்கள் ஒரு முடிச்சுகூடப் போடவில்லை.

கடிதம்

வண்டியில் உட்கார்ந்தே ஜரீனா படித்துச் சொன்னாள். எழுதியவர் வயதான அம்மா. அவருடைய கணவர் போன பனிக்காலத்தில் இறந்துபோனார். அன்றிலிருந்து யாரோடும் சரியாகப் பேசவில்லையாம். மகள் ஒரு மரத்தை வாங்கி வந்து கொடுத்திருக்கிறாள். அட்டையைப் படித்ததும், உலகத்தின் அந்தக் கோடியில் தன்னைப்போலவே ஒருத்தி இருக்கிறாள் என்று தோன்றியதாம். மரத்தைக் கணவர் முகம் பார்த்த கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறாராம். தினமும் காலையில் எனக்காக ஜெபம் செய்கிறாராம்.



அதுவரை எனக்கு இருந்தது என் மானத்துக்கான கோபம். இது வேறு. எங்கோ ஒரு கிழவி, உண்மையாகவே புருஷனைப் பறிகொடுத்தவள், விடிந்ததும் எழுந்து ஒரு பொய்க்காக ஜெபம் செய்கிறாள். அவளை ஏமாற்றியதில் என் முகமும் இருக்கிறது. மேஜையில் இருந்த அட்டைகளை வெட்டிவிட்டேன். அங்கே தொங்குகிற அட்டையை எப்படி வெட்டுவது?

சும்மா இருந்துவிடலாம் என்றார் சேவியர். அந்தக் கனடா அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கிறதே, அதையும் ஏன் கெடுக்க வேண்டும் என்றார். ஒரு வாரம் யோசித்தேன். யோசித்து, எழுதுவது என்று முடிவு செய்தேன். நான் தமிழில் சொன்னேன், ஜரீனா இங்கிலீஷில் எழுதினாள்.

என் கணவர் உயிரோடு இருக்கிறார். ஆட்டோ ஓட்டுகிறார். அட்டையில் இருப்பது பொய், எங்களைக் கேட்காமல் எழுதியது. உங்கள் கடிதம் என்னிடம் தாமதமாக வந்தது. உங்களை அழவைத்ததற்கு மன்னிக்க வேண்டும். மரத்தைத் தூக்கிப் போட்டாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.

நான் முடித்த பிறகும் ஜரீனா பேனாவை மூடவில்லை. இன்னும் கொஞ்சம் எழுதினாள். என்ன என்று கேட்டதற்கு, "அந்தப் பச்சைப் பட்டன் யாரோடதுன்னு எழுதுறேன். இந்தத் தடவ நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

பதில் வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ரெண்டு மாசம் கழித்து வந்தது. கனமான கவர். நான் ஆசையாகக் கையை நீட்டினேன். தபால்காரர் மேலே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்.

பெயர் ஜரீனாவுடையது.

நாலு பக்கம். வாசலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் படித்தாள். நான் காஜா எடுப்பதுபோல் பாவனை செய்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் சிரித்தாள். ஒரு இடத்தில் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். படித்து முடித்ததும் மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

எனக்கு ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கறதுல அவங்களுக்கு ரொம்பச் சந்தோஷமாம்க்கா. மரத்தக் கழட்டலையாம்."

"மிச்சப் பக்கமெல்லாம் என்ன?"

"அது எங்க ரெண்டு பேருக்கும்" என்றாள் ஜரீனா.

அதற்கப்புறம் எத்தனையோ கடிதம் வந்துவிட்டது. இன்றுவரை நான் கேட்டதில்லை.